ஐம்பதடி

கவராயத்தின் கூர்முனையை
பக்கத்து வளவுக் கிணற்றில் ஊன்றுகிறேன்.
நூற்றுக்கு ஒன்று அளவுத்திட்டம்.
பதினைந்து சென்ரிமீற்றரும் ஒரு நெல்லளவும் விரித்து
ஒரு சுற்று.
கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில்
ஐம்பதடி இருக்கவேணும் என்கிறது விதி.

யோகநாயகனுக்குக் கொக்குவில் கிழக்கில்
ஒன்றேகால் பரப்பு.
பதினொரு வருடம் போறணைக்கு முன்னால் நின்று
பாண் பாணாய் எண்ணி வாங்கியது.
உறுதியில் எல்லை நாலும் சுத்தம்.
வடக்கில் ஒரு கிணறு,
கிழக்கில் ஒன்று,
தெற்கில் இன்னொன்று.
மூன்று வட்டமும் கீறி முடிய
அவரின் காணியில் மிஞ்சியது
வெற்றிலையளவு வெள்ளை.

"இதுக்குள்ளயோ?"
"இதுக்குள்ளதான்."
"அது கேற் வாற இடம், தங்கச்சி."

வடக்குக் கிணற்றில் ஆரும் அள்ளுவதில்லை.
வீட்டுக்காரர் ஒஸ்லோவில்.
துலாவும் இல்லை, கப்பியும் இல்லை,
உட்சுவரில் ஒரு அரசங்கன்று.
ஆனாலும் சட்டத்துக்கு அது கிணறு.
இல்லாதவர்களின் தண்ணீர்
இருக்கிறவரின் குசினி வரை வந்து
கோடு போட்டிருக்கிறது.

தூர்க்கலாமோ என்று கேட்டார்.
உறுதியைப் புரட்டினேன்:
கிணற்றில் ஆறில் ஒரு பங்கும்
வழி வாய்க்காலும்.
ஆறு பங்கு, ஆறு கையெழுத்து.
ஒன்று ரொறன்ரோவில் கோபத்தில் இருக்கிறது.
இரண்டின் முகவரி ஆருக்கும் தெரியாது.

பிறகு ஒரு ஞாயிறு
கயிறு பிடித்து அளந்துகொண்டு வந்தார்.
நாற்பத்தாறு.
மாமரத்துக்குப் பக்கத்தில் குழியை வைத்தால்
நாலடிதான் குறைவு.
"பென்சிலாலை கிணத்தைக் கொஞ்சம்
தள்ளிவிடுங்கோவன்."

தள்ளலாம்.
தள்ளியிருக்கிறேன், ஒருதரம்,
திருநெல்வேலியில் ஒரு மாடி வீட்டுக்கு.
அழிறப்பர் தூளை ஊதிவிட்டேன்.
ரி.ஓ. வந்து, தேத்தண்ணி குடித்து, கையெழுத்திட்டார்.
அடுத்த மாரியில் அந்த ஒழுங்கையால் போனபோது
பக்கத்து வீட்டுக்காரி கிணற்றடியில் நின்று
வாளியை மணந்து பார்த்தாள்.
நிமிர்ந்தவள் என்னைக் கண்டு சிரித்தாள்.
அவளுக்கு என்னைத் தெரியாது.

இங்கே கீழே சுண்ணாம்புக்கல்.
கல்லுக்குள் பொந்து, பொந்துக்குள் பொந்து.
தண்ணீர் எல்லைக்கல் பார்த்து நடப்பதில்லை.
ஐம்பதடி காணுமோ என்பதே எனக்குச் சந்தேகம்.
இதை எழுதிய மேசை
எந்த ஊர் மண்ணை நினைத்ததோ.

கட்டிடக்கோடு வேறு.
ஒழுங்கை நடுவிலிருந்து இருபதடிக்குள்
சுவர் எழும்பக்கூடாது.
என்றோ ஒருநாள் அகலிக்கப்போகும் பாதைக்காக
அங்கே இப்போது ஒரு பூவரசு நிற்கிறது.
சுவருக்குத்தான் தடை. குழியைப் பற்றி
ஒரு சொல்லும் இல்லை.
இரண்டுதரம் வாசித்தேன்.

வீட்டைத் திருப்பிப் போட்டேன்.
குசினி ஒழுங்கைப் பக்கம்,
விறாந்தை பின்னுக்கு,
கேற்றுக்குக் கீழே குழி,
மேலே கொங்கிறீற் மூடி.
சுகந்தமலர் படத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.
"வாற சனம் எல்லாம் இதுக்கு மேலாலையோ வரும்?"
"ஓம்."
"பிள்ளையைப் பொம்பிளை பார்க்க வாற ஆக்களும்?"
கேட்டுவிட்டு அவளே சிரித்தாள்.
அவர் சிரிக்கவில்லை.

நாலு மாதத்தில் அனுமதி வந்தது.
அத்திவாரம் வெட்டிய கிழமை
மேற்கில், ஒழுங்கைக்கு அப்பால்,
ஒரு லொறி வந்து நின்று
குழாய்க்கிணறு அடிக்கத் தொடங்கிற்று.
போனை நீட்டிச் சத்தத்தைக் கேட்கவைத்தார்.
"தங்கச்சி, இதுக்கும் வட்டமோ?"

படத்தை எடுத்து யன்னலில் பிடித்தேன்.
கவராயம் குத்திய மூன்று துளையாலும் வெயில்.
நாலாவதை எங்கே குத்துவது என்று
ஒழுங்கையின் அகலத்தை
விரலால் அளந்துகொண்டு நின்றேன்.
மறுமுனையில்
இரும்பு கல்லை இடிக்கும் சத்தம்,
இடையிடையே
அவருடைய மூச்சு.